ஹபீப் பாய் வீட்டு மோட்டார்

வேலையை விட்டு வந்த பிறகும் என்னைக் கூப்பிட்டு, நிவாரணக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் குளோரின் எவ்வளவு கலப்பது, தொட்டியை எந்த இடத்தில் இறக்குவது, வரிசையை எப்படி நிறுத்துவது, இதையெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்லித்தர இங்கே ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேறு ஒன்று சொல்கிறேன்.

வெள்ளமோ புயலோ அடித்த இடத்துக்கு நாம் போகும்போது, ஆபத்து நடந்து முடிந்துவிட்டது, இனி உதவி செய்வது மட்டும்தான் பாக்கி என்று மனம் தானாக நினைத்துக்கொள்ளும். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன். ஒரு மழைக்காலத்துக் காலையில், லப்பைக்குடிக்காட்டில், அந்த நினைப்பு என்னை விட்டுப் போனது. அந்த நாளையும் அதற்கடுத்த காலையையும் பற்றித்தான் சொல்லப் போகிறேன். இத்தனை காலம் கழித்தும் கோவையாகச் சொல்ல வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் வெள்ளாற்றில் வந்த தண்ணீர், ஆற்றுக்குள் இருந்த குடிநீர்க் கிணறுகளையும் குழாய்களையும் பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. கரண்டு கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. கரையோர ஊர்களில் மேல்நிலைத் தொட்டிகள் எல்லாம் காலி. ஜனங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று அலைந்தார்கள். அலைந்து ஓய்ந்தவர்கள் ஆற்றிலேயே மொண்டு குடித்தார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் நல்ல தண்ணீர் இருந்தது. ஹபீப் பாய் வீட்டில்.

பாய் ஷார்ஜாவில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற கம்பெனியில் வெகுகாலம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் வீட்டை ஒட்டிய மனையில் போர் போட்டு, கேன் தண்ணீர் கம்பெனி வைத்தார். இந்த வெள்ளத்துக்கு முன்பு ஒரு கோடையில் வேப்பந்தட்டைப் பக்கம் கிணறெல்லாம் வற்றிக் கிடந்தபோது எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர் அவர்தான். ஆள் அனுப்பமாட்டார், அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு வருவார். குடம் நிறைந்த பிறகும் பெண்கள் நகராமல் வண்டியையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "என்னம்மா பாக்குறீங்க? நாளைக்கும் வருவேன், போங்க" என்பார். சொன்னபடி வருவார். அப்படித்தான் அவரும் அவர் மனைவி மைமூனும் எனக்குப் பழக்கம்.

வெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பாய் வீட்டு வாசலில் தெருமுனை வரைக்கும் வரிசை. மதில் ஓரமாக ஒரு நீளமான இரும்புக் குழாயில் வரிசையாகத் திருகு பைப்புகள் வைத்திருந்தார். எல்லாவற்றிலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பின்பக்கத்துக் கொட்டகையில் ஜெனரேட்டர் சத்தம். பாய் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தார்.

"வாங்கம்மா. நேத்தே வருவீங்கன்னு பாத்தேன்."

"ரோடு அறுத்துக்கிட்டுப் போயிடுச்சு பாய். சுத்திக்கிட்டு வரோம்."

"விடிஞ்சதுலேருந்து ஓடுது. ஜெனரேட்டருக்குத்தான் மூச்சு வாங்குது, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சிரித்தார்.

எங்கள் வண்டியில் பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதை நிரப்பிக்கொண்டு ஆற்றோரத்தில் கீழே இருக்கிற ஊர்களுக்குப் போகவேண்டும். வரிசையில் நிற்கிறவர்கள் முடிக்கட்டும், நாங்கள் காத்திருக்கிறோம் என்றேன்.

"கீழ இருக்குறவங்களுக்கு யாரும்மா குடுக்குறது? அங்க ஒரு போர் கூட இல்ல. நீங்க ரொப்பிக்கிட்டு ஓடுங்க. இவங்க பக்கத்துல உள்ளவங்க, செத்த இருப்பாங்க." பிறகு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அம்மா, செத்த இருங்க. வண்டிக்குத் தண்ணியத் திருப்பிக்கிறேன்."

பெண்கள் முணுமுணுக்காமல் இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள். பாய் கேட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, தண்ணீரைத் திருப்புகிற வால்வைப் பிடித்தார்.

பிடித்தவர் நிமிரவில்லை.

வால்வு இறுகிக்கொண்டுவிட்டது போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். சத்தம் எதுவும் இல்லை. சினிமாவில் காட்டுகிற மாதிரி பொறி பறக்கவில்லை, அவர் கத்தவும் இல்லை. முகம் என் பக்கம் இருந்தது. கண் திறந்திருந்தது. ஏதோ சொல்ல வந்து நிறுத்தியது போல வாய். வால்வைப் பிடித்த கை மட்டும் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அதே நேரத்தில் மைமூன் எங்களுக்காக டீ எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வந்தாள். "என்னங்க" என்றாள். தட்டு கீழே விழுந்தது. அவரை நோக்கி ஓடினாள்.

"யாரும் தொடாதீங்க! செல்வராசு, ஜெனரேட்டர நிறுத்து!"

கத்தியது நான்தான் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது நினைவில்லை. செல்வராசு எங்கள் வண்டி டிரைவர், தா.பழூர்க்காரன். அவன் கொட்டகையை நோக்கிப் பாய்ந்தது தெரிந்தது. நான் மைமூனைக் குறுக்கே பிடித்துக்கொண்டேன். சின்ன வயதில் வயலில் நாற்றுமுடி சுமந்தவள் நான், கையில் பலம் உண்டு. அன்றைக்கு அந்தப் பலம் முழுவதும் தேவைப்பட்டது.

"வுடுங்கம்மா! வுடுங்க! அவரு சாவுறாரு, கண்ணு முன்னாடி சாவுறாரு!"

நான் விடவில்லை. என் கையைக் கடித்தாள். அப்போதும் விடவில்லை. அவருக்கும் அவளுக்கும் நடுவில் எட்டிப் பிடித்துவிடுகிற தூரம்தான் இருந்தது. ஜெனரேட்டர் சத்தம் அடங்கியது. அடங்கியதும் பாய் அப்படியே தண்ணீரில் சரிந்தார். அதன் பிறகுதான் கையைத் தளர்த்தினேன்.

பிள்ளைகளே, ஒரு மனைவியைப் புருஷன் சாகிற இடத்துக்குப் போகவிடாமல் நான் பிடித்து வைத்தேன். அவள் தொட்டிருந்தால் அவளும் போயிருப்பாள், அவளைப் பிடிக்க வந்தவர்களும் போயிருப்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். நம் பயிற்சியிலும் சொல்லித்தருகிறார்கள். ஆனால் தெரிந்திருப்பதற்கும், அலறுகிற ஒருத்தியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் நடுவில் இருப்பதை எந்தப் பயிற்சியிலும் சொல்ல முடியாது. நின்றால்தான் தெரியும்.

பாயின் தம்பி ஜமால் உள்ளேயிருந்து ஓடிவந்தார். நானும் அவரும் மாறி மாறி பாயின் மார்பை அழுத்தினோம். பிறகு காரில் ஏற்றி பெரம்பலூர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜமால் பின்சீட்டில் மண்டியிட்டு அழுத்திக்கொண்டே போனார். நானும் ஏறத்தான் போனேன். ஒரு காலை வைத்துவிட்டு இறக்கிக்கொண்டேன். பின்னால் அத்தனை ஜனமும் ஒரு ஜெனரேட்டரும் நின்றிருந்தன. அங்கே ஒருவர் இருக்கவேண்டும் என்று பட்டது.

கார் போனதும் மைமூனைப் பெண்கள் உள்ளே அழைத்துப் போனார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். வரிசையில் யாரும் அசையவில்லை. ஒரு குழந்தைகூட அழவில்லை. எங்கள் ஆட்கள் கையில் ஓஸைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். எந்த ஊரில் நிற்கிறேன் என்பதே ஒரு கணம் மறந்துபோனது.

அப்போது ஒரு பெண் வரிசையிலிருந்து முன்னால் வந்தாள். திருகு பைப்பைத் திருகினாள். அதில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீருக்குக் குடத்தை வைத்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனுஷன் விழுந்த இடம்கூட இன்னும் காயவில்லையே என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. விடியலிலிருந்து தண்ணீருக்கு நின்றவள், கை தானாகப் போய் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான். பிறகு அவள் கையைப் பார்த்தேன். அது இரும்புக் குழாயின் மேல் இருந்தது. பாய் பிடித்த வால்வும் அந்தக் குழாயும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. பாய் தண்ணீரைத் திருப்புவதற்காக எல்லோரையும் பின்னால் நகரச் சொல்லாமல் இருந்திருந்தால், அந்த நேரத்தில் அந்தக் குழாயை எத்தனை பெண்கள் பிடித்திருப்பார்கள்?

கொட்டகைக்குப் போய் ஜெனரேட்டர் சாவியை உருவி என் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஜமால் போன் செய்தார். "அண்ணன் மவுத்தாயிட்டாரும்மா" என்றார். போனை வைத்துவிட்டார். வீட்டுக்குள்ளிருந்து பாயின் அக்கா ஓலமிடுகிற சத்தம் கேட்டது. மைமூனின் குரல் கேட்கவில்லை.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும். செத்த செய்தி வந்ததும் ஜனங்கள் கலைந்துபோவார்கள் என்று நினைத்தேன். வரிசை இன்னும் நீண்டது. பக்கத்து ஊர்களிலிருந்து, நடந்தது தெரியாமல் வந்தவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டே இருந்தார்கள். தெரிந்தவர்களும் போகவில்லை. அவர்கள் எங்கே போவார்கள்?

அந்தத் தெரு வார்டு மெம்பர் வந்தார். நல்ல மனிதர். பாயின் சிநேகிதர், கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "ஒயரு தண்ணியில கெடந்ததுதாங்க பிரச்சினை. தூக்கி மேல கட்டிட்டேன். போட்டுவிடுங்க, நான் பொறுப்பு" என்றார்.

"எதுக்குப் பொறுப்பு? இன்னொருத்தர் செத்தா எழுப்பிக் குடுத்துடுவீங்களா?"

கத்திவிட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்குள் தோளில் துண்டு போட்ட ஒருவர் என் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல் கேட்டார். "எங்க வூட்டுப் புள்ளைக்கு நேத்துலேருந்து வயித்தால போவுது. ஆத்துத் தண்ணியக் குடுத்ததுதான். இன்னைக்கும் அதையே குடுக்கச் சொல்றீங்களாம்மா?"

குழாயில் சாவு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆற்றுத் தண்ணீரில் நோய் இருப்பது நிச்சயம். மோட்டாரைப் போட்டால் யாரோ ஒருவர் சாகலாம். போடாவிட்டால் எந்தெந்த வீட்டில் எந்தெந்தக் குழந்தைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டு பக்கமும் உயிர்தான். தராசில் போட்டு நிறுத்துப் பார்க்க எனக்கு நேரமும் இல்லை, மூளையும் ஓடவில்லை.

எங்கள் முகாம்களுக்கு வழக்கமாக வருகிற மீன்சுருட்டி எலக்ட்ரிசியனுக்குப் போன் போட்டேன். "வழியெல்லாம் தண்ணி நிக்குதுக்கா. காலைல வந்துடுறேன். அதுவரைக்கும் யாரையும் எதையும் தொடவிடாதீங்க" என்றார்.

வரிசைக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றேன். என்னிடம் இருந்தது உண்மை மட்டும்தான், அதைச் சொன்னேன்.

"பாய் போயிட்டாரு. அவரு தொட்ட பைப்பும் நீங்க தொடுற பைப்பும் ஒண்ணு. அதுல இன்னும் கரண்டு வருமான்னு எனக்குத் தெரியாது. தெரியற வரைக்கும் மோட்டார் ஓடாது. மாடித் தொட்டியில இருக்குற தண்ணிய ஓஸ் போட்டு இறக்கி, வாளியில மொண்டு தரோம். குடிக்க மட்டும்தான். கைப்புள்ள இருக்குறவங்க, வயித்தால போற புள்ள இருக்குறவங்க முன்னாடி வாங்க."

நான் எதிர்பார்த்த கூச்சல் வரவில்லை. திட்டினார்கள், ஆனால் வழிவிட்டார்கள். துண்டு போட்டவர் தன் சொம்பை வாங்கிக்கொண்டு போனார். 'எனக்குத் தெரியாது' என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். 'எல்லாம் சரியாகிவிடும்' என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்தால் அந்தக் கூட்டம் என்னைத் தள்ளிவிட்டு மோட்டாரைப் போட்டிருக்கும்.

பள்ளிவாசலிலிருந்து சோறாக்குகிற பெரிய தேக்சாக்களைக் கொண்டுவந்து, ஆற்றுத் தண்ணீரைத் தெளியவைத்துக் காய்ச்சவும் ஏற்பாடு செய்தார்கள். விறகு நனைந்திருந்தது. புகைதான் அதிகம் வந்தது. இருந்தாலும் ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

மத்தியானத்துக்கு மேல் மைமூன் என்னைக் கூப்பிடுவதாக ஒரு பெண் வந்து சொன்னாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அறையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மைமூன், தலையை மூடிக்கொண்டு. அழுத தடம் இல்லை. பாயின் அக்கா, அவரை அம்மா மாதிரி வளர்த்தவர் என்று சொல்வார்கள், சுவரில் சாய்ந்து கிடந்தார்.

"மோட்டார் ஓடல போலருக்கே" என்றாள் மைமூன்.

"நிறுத்தி வச்சிருக்கேன் மைமூன்."

"ஏன்?"

"பைப்புல இன்னும் கரண்டு இருக்கலாம். காலைல ஆள் வந்து பாத்ததும் போட்டுடலாம்."

"காலைல வரைக்கும் ஜனங்க என்ன பண்ணும்? விடியக்காலைல எந்திரிச்சு அவரே போட்ட மோட்டாரு. 'யார் கேட்டாலும் இல்லங்காத'ன்னு சொல்லிட்டுத்தான் வெளிய போனாரு. நான் சொல்றேன், போடுங்க. என் வூட்டு மோட்டாரு."

"மாட்டேன்."

நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அப்ப என்னைய புடிச்சு நிறுத்துனீங்க. இப்ப தண்ணியையும் புடிச்சு நிறுத்துறீங்க."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னால் அங்கே நிற்கவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அவள் கேட்டது தப்பில்லை. அவளைவிட நல்ல மனதோடு அன்றைக்கு அந்த ஊரில் யாரும் எதையும் கேட்கவில்லை. அதனால்தான் மறுப்பது அத்தனை கஷ்டமாக இருந்தது. கெட்ட யோசனையை மறுப்பது நமக்கு வரும். நல்ல மனது ஆபத்தான ஒன்றைக் கேட்கும்போது மறுக்க வராது. மறுத்துத்தான் ஆகவேண்டும்.

"இன்னொரு பொம்பளைய இப்படி உக்கார வைக்க என்னால முடியாது மைமூன்" என்றேன்.

அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம், "மாடித் தொட்டியில எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள்.

"அடியில கொஞ்சம் இருக்கு. வெளிய இன்னும் ஆளுங்க நிக்கிறாங்க."

அந்த நேரத்தில் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத் வாசலுக்கு வெளியே வந்து நின்றார். மையத்து, அதாவது பாயின் உடல், ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டது, குளிப்பாட்ட எல்லாம் தயாராக இருக்கிறதா என்று கேட்டார். பாயின் அக்கா கையைக் காட்டினார். கூடத்து மூலையில் இரண்டு பெரிய அண்டாக்கள். செய்தி வந்ததுமே மாடித் தொட்டியிலிருந்து பிடித்து, வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். இறந்தவரைக் குளிப்பாட்ட எடுத்து வைத்த தண்ணீர். அதை நான் பார்த்திருந்தேன். அதன் பக்கம் போகவே கூடாது என்று என் ஆட்களிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

மைமூன் அந்த அண்டாக்களைப் பார்த்தாள்.

"ஹஜ்ரத், ஆத்துத் தண்ணியில குளிப்பாட்டலாமா?"

அக்கா துடித்து எழுந்தார். "என்ன புள்ள பேசுற? என் தம்பிய சேத்துத் தண்ணியிலயா குளிப்பாட்டப் போறீங்க? ஊருக்கெல்லாம் நல்ல தண்ணி குடுத்தவன!"

வெளியே ஹஜ்ரத் மெதுவாகச் சொன்னார். "ஓடுற ஆத்துத் தண்ணி சுத்தம்தாம்மா. மார்க்கத்துல தடை ஒண்ணும் இல்ல. உங்க மனசுதான்."

"அப்ப இந்த ரெண்டு அண்டாவையும் வெளிய தூக்கச் சொல்லுங்க" என்றாள் மைமூன். "புள்ளைங்க குடிக்கட்டும்."

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். இது என் தீர்மானம் இல்லை என்று தெரிந்து மூடிக்கொண்டேன். என் வேலைக்காலத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். பிணங்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் அதிர்ந்துபோய் நின்றது அந்த அறையில்தான். காலையில் நடந்ததைவிட இது என்னை அதிகமாக உலுக்கியது. இரண்டு அண்டாவும் என்னைத் தாண்டி வெளியே போயின. ஒரு பக்கம் செல்வராசு பிடித்திருந்தான். கண்ணீரைத் துடைக்காமலே நடந்தான்.

பிறகு ஆண்கள் வெள்ளாற்றுக்குப் போய்க் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். செங்கல் நிறத் தண்ணீர். புதுத் துணியைக் கட்டி வடித்தார்கள். துணியில் வண்டல் தங்கியதும் உதறிவிட்டு மறுபடியும் வடித்தார்கள். வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். யாரும் யாருக்கும் எதையும் விளக்கவில்லை. அண்டாத் தண்ணீரை வாளியில் மொண்டு கொடுத்தபோது, வாங்கின பெண்கள் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மெல்ல நடந்து போனார்கள்.

வெளிச்சம் இருக்கும்போதே அடக்கம் முடிந்தது. துபாயில் வேலை பார்க்கிற பாயின் மகன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான். ஜமால் கூட்டத்துக்கு மேலே உயர்த்திப் பிடித்திருந்த போனில் அவனுக்கு என்ன தெரிந்ததோ.

மறுநாள் காலையில் எலக்ட்ரிசியன் வந்தார். எல்லோரையும் தெருவுக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்தோம். சாவியைக் கொடுத்தேன். ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு, காலில் ரப்பர் பூட்ஸோடு வந்து, பெண்கள் தண்ணீர் பிடிக்கிற திருகு பைப்பில் டெஸ்டரை வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது. அடுத்த பைப்பில் வைத்தார். எரிந்தது. கடைசி பைப்பு வரைக்கும் எரிந்தது.

வார்டு மெம்பர் எதிர்வீட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "யா அல்லாஹ்" என்று யாரோ சொன்னார்கள். எலக்ட்ரிசியன் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுத் தேடினார். ஜனங்கள் தள்ளத் தள்ள இரும்புக் கேட்டு தாழ்ந்து, அதன் அடியில் போன ஒயரை நசுக்கியிருந்தது. தோல் உரிந்த ஒயர் தண்ணீர்க் குழாயைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. காலை முழுக்க நசுங்கி, பாய் குனிந்த நேரத்தில்தான் தோல் உரிந்திருக்கவேண்டும். மெம்பர் தூக்கிக் கட்டியது வேறு இடத்தில்.

நான் சொன்னது சரியாகப் போயிற்று என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன். டெஸ்டர் எரியாமல் இருந்திருந்தாலும் நான் செய்யவேண்டியிருந்தது அதைத்தான். இதை மட்டும் நினைவில் வையுங்கள். தெரியாதபோது நிறுத்துங்கள். பிறகு என்ன தெரியவருகிறது என்பதை வைத்து உங்களைப் பாராட்டிக்கொள்ளவும் வேண்டாம், நொந்துகொள்ளவும் வேண்டாம். அந்த நேரத்தில் கையில் என்ன இருந்தது என்பதுதான் கணக்கு. நாம் எந்தக் குழாயில் தண்ணீர் கொடுத்தாலும், முதல் குடத்தை வைப்பதற்கு முன் ஒருவர் டெஸ்டரை வைத்துப் பார்க்கவேண்டும் என்ற வழக்கம் அதன் பிறகுதான் நம்மிடம் வந்தது. வண்டியில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள்.

புது ஒயர் இழுத்து, எர்த் கொடுத்து, திரும்பத் திரும்பச் சோதித்த பிறகு எலக்ட்ரிசியன் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான்தான் சுவிட்சைப் போட்டேன். மோட்டார் உறுமி, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

அந்தச் சத்தம் வீட்டுக்குள் போன நொடியில் மைமூன் அலறினாள். முந்தின நாள் முழுவதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள். வயிற்றுக்குள்ளிருந்து வந்த அலறல். தெரு முழுக்கக் கேட்டது. விடியலில் அந்த மோட்டார் சத்தம் கேட்டால் அவர் வெளியே இருக்கிறார் என்று அர்த்தம், அந்த வீட்டில். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. என் கை மறுபடியும் சுவிட்சுக்குப் போனது.

பாயின் அக்கா தலைத்துணி நழுவ வெளியே ஓடிவந்தார்.

"நிறுத்தாதீங்க! அவ அழட்டும். நிறுத்தாதீங்க."

பைப்புகள் காற்றைத் துப்பிவிட்டுத் தண்ணீரைக் கொட்டின. வரிசையில் யாரும் குடத்தை நீட்டவில்லை. உள்ளே அந்த அழுகை போய்க்கொண்டே இருந்தது. நல்ல தண்ணீர் அத்தனையும் தரையில் விழுந்து வாய்க்காலுக்கு ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற பாயின் அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார் வரிசையைப் பார்த்து. "வீணாப் போவுதுல்ல. புடிங்கம்மா."